கம்பெனி பேட்டரி இல்ல, நான் செஞ்சது

முதல்லயே சொல்லிருதேன். தென்காசி வட்டாரத்துல எலக்ட்ரிக் மவுண்டன் சைக்கிள் வச்சிருந்த ஒரே பொண்ணு, எனக்குத் தெரிஞ்சு, நான்தான். எங்க வீட்டுலயும் நிக்குன்னு எவளாச்சும் சொன்னா வரச் சொல்லுங்க, புளியரை எஸ் வளைவுல ஏறிப் பாத்துக்கிடுவோம். அந்த சைக்கிளை நான் வித்தேன். நானே போட்டோ எடுத்து, நானே விளம்பரம் போட்டு, நானே ரோட்டுல நின்னு வித்தேன். கொஞ்சம் பீத்திக்கிடுவேன், பொறுத்துக்கோங்க.

சைக்கிள் எனக்கு வந்ததே ஒரு கூத்து. தென்மலைப் பக்கம் ஒரு ரிசார்ட்டுல டூரிஸ்டுக்கு வாடகைக்கு விட்டுட்டு இருந்த வண்டி அது. பேட்டரி செத்துப் போச்சுன்னு சாக்கு போட்டு மூடி மூலையில கிடந்துருக்கு. என் கூட ட்ரிபிள் ஈ படிச்ச புனலூர்க்காரி ஒருத்தி, "எடீ, நினக்கு வேணுமா?"ன்னு ஒரு போட்டோ அனுப்புனா. டயர் தடிமனும், முன்னாடி ஸ்பிரிங் வச்ச ஃபோர்க்கும் பாத்த உடனே எனக்குக் கோட்டி பிடிச்சிருச்சு. அப்பாவ இழுத்துட்டுப் போய் பழைய இரும்பு விலைக்குப் பேசி, பலாப்பழ லோடு வந்த வண்டியில ஏத்திக் கொண்டாந்தோம். அப்பா மிலிட்டரில இருந்து வந்து இப்ப பேங்க் வாசல்ல துப்பாக்கி பிடிச்சிட்டு நிக்காவ. எல்லையில நின்ன மனுசன் பலாப்பழத்துக்கு நடுவுல சைக்கிள் ஹேண்டில்பாரைக் கட்டிப் பிடிச்சுத் தூங்கிட்டே வந்தாவ.

கம்பெனி பேட்டரி வாங்கணும்னா சைக்கிளை விட பேட்டரி விலை அதிகம். அதான் நானே செஞ்சுட்டேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். கூடப் படிச்சவனுவ எல்லாம் காசு குடுத்து ரெடிமேடா ஒரு டப்பா வாங்கி, மேல பேரை ஒட்டி வச்சப்ப, நான் எங்க வீட்டு மச்சுல உக்காந்து கோயம்புத்தூர்ல இருந்து வர வச்ச புது செல்லை ஒவ்வொண்ணா மீட்டர் வச்சு அளந்து, ஒரே மாதிரி இருந்தத மட்டும் சேத்து, நிக்கல் பட்டை வச்சு வெல்டிங் அடிச்சேன். செல்லு சூடாவாம, அளவுக்கு மேல சார்ஜ் ஏறாம பாத்துக்கிட காவக்காரன் மாதிரி ஒரு போர்டு உண்டு, அதையும் கட்டினேன். பழைய பேட்டரி டப்பாவுக்குள்ள அத்தனையும் அடுக்கி, ஓரம் முழுக்க தண்ணி போவாம சிலிக்கான் பூசி மூடுனேன். குத்தாலத்துச் சாரல்ல ஓட்டப் போற வண்டி, அதனால ஒரு தடவைக்கு மூணு தடவை பூசுனேன். அம்மா கீழ இருந்து, "ஏட்டி, என்ன எழவு நாத்தம் இது, சோத்துல எறங்குது"ன்னு கத்துவா. அப்பா டார்ச் பிடிச்சிட்டு நிப்பாவ, ஒண்ணும் கேக்க மாட்டாவ.

முதல் தடவை புளியரை மேட்டுல ஏறி ஆரியங்காவு போய்ச் சேந்து பால் விடாத கட்டஞ்சாயா ஒண்ணு குடிச்சேன் பாருங்க, அந்த டேஸ்ட் எனக்கு இன்னும் நாக்குல நிக்கு. பின்னாடி வந்த கேரளா லாரிக்காரர் ஹாரன் அடிச்சு கட்டை விரலைத் தூக்கிக் காட்டிட்டுப் போனாரு. அந்த விரல் எனக்கு யுனிவர்சிட்டி சர்ட்டிபிகேட்டை விடப் பெருசு.

சரி, பெறவு எதுக்கு வித்தன்னு கேப்பிய. வேலை கிடைச்சுருச்சு. ஓசூர்ல, வண்டிக்கு பேட்டரி செய்யுத இடத்துல. இன்டர்வியூல இந்த சைக்கிள் போட்டோவத்தான் காமிச்சேன். வேற எதுவும் பெருசா கேக்கல அவனுவ. ஹாஸ்டல்ல சைக்கிள் வைக்க இடம் கிடையாது. வீட்டுல சும்மா போட்டு வச்சா செல்லு செத்துரும். அதனால கெளம்புததுக்குள்ள வித்துரணும்.

இங்கதான் அம்மா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டா.

"எதுக்கு விக்கணும்? இலத்தூர்ல அத்தை மவனுக்குக் குடுத்துரு. அவன் கேட்டுட்டே இருக்கான். வீட்டுப் பொருளு வீட்டுலயே கிடக்கும்லா?"

"கிடக்கும். கிடக்கத்தான் செய்யும். அத்தான்கிட்ட குடுத்தா எல்லாமே கிடக்கும். போன வருசம் அப்பா குடுத்த ஸ்கூட்டி எங்க கிடக்கு? கோழி முட்டை போடுது அதுல."

"ஏட்டி, வாய் ரொம்ப நீளுது ஒனக்கு. கேட்டத இல்லன்னு சொன்னா அத்தை மூஞ்சி ஒரு முழம் நீண்டுரும்."

அப்பா பேப்பரை மடக்கி வச்சிட்டு தீர்ப்பு சொன்னாவ. "அவ ஊருக்குப் போறதுக்குள்ள வித்தா வித்துக்கிடட்டும். விக்கலன்னா அவன் எடுத்துட்டுப் போறான். முடிஞ்சுது."

மிலிட்டரி தீர்ப்பு, அப்பீல் கிடையாது. ஆக, ஒண்ணு நான் விக்கணும், இல்லன்னா என் பேட்டரி மேல கோழி உக்காரும்.

விளம்பரம் போட்டேன். ஆன்லைன்ல பழைய சாமான் விக்கத் தெரியாதவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, மனுசன் மேல இருக்க நம்பிக்கை போயிரும். "லாஸ்ட் பிரைஸ்?"னு முதல் மெசேஜ். ஹலோ கூட இல்ல. அடுத்தவன், "லைசென்ஸ் வேணுமா சிஸ்?" இன்னொருத்தன் அவனோட பழைய போனையும் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸையும் தாரேன், சைக்கிளைத் தாங்கன்னான். ஒருத்தன் நேர்ல வந்து, சைக்கிள் மேல சாஞ்சு நின்னு, அவன் கூட்டாளியை வச்சு ரீல்ஸ் எடுத்துட்டு, "யோசிச்சுச் சொல்லுதேன் அக்கா"ன்னு போயிட்டான். அக்காவாம். என்னைய விட நாலு வயசு கூட இருப்பான் சவத்து மூதி.

ஆனா நெசமாவே வாங்க வந்த ஆளுவளும் இருந்தாவ. புளியங்குடியில இருந்து எலுமிச்சை கமிஷன் கடைக்காரர் ஒருத்தர் மவனைக் கூட்டிட்டு வந்தாரு. காலேஜ் போற மவன் ஓட்டிப் பாத்தான், மூஞ்சியெல்லாம் பல்லு. கடைக்காரர் பணத்தை எடுக்கப் போனவரு, கடைசியா சும்மா கேக்குத மாதிரி கேட்டாரு.

"பேட்டரி கம்பெனியோடதுதானம்மா?"

"இல்ல அண்ணாச்சி. நான் செஞ்சது."

அவர் கை பைக்குள்ளயே நின்னுருச்சு. என்னையப் பாத்தாரு. சைக்கிளைப் பாத்தாரு. பெறவு மவனைப் பாத்து, "எறங்குலே"ன்னாரு. அவ்வளவுதான்.

செங்கோட்டையில இருந்து வந்த ஒரு டீச்சர், பேங்குல அப்பா கூட வேலை பாக்குத ஒருத்தரு, எல்லாருக்கும் அதே இடத்துலதான் கால் வழுக்குது. "நான் செஞ்சது"ன்ன உடனே சைக்கிளை விட்டு ஒரு அடி தள்ளி நிப்பாவ, வெடிச்சிருங்குத மாதிரி.

அம்மா சொன்னா, "கம்பெனின்னே சொல்லிரேன். எவன் பிரிச்சுப் பாக்கப் போறான்?"

"ஏன் சொல்லணும்? கம்பெனிக்காரன் வந்து நம்ம மச்சுல வெல்டிங் அடிச்சானா?"

"அப்ப இலத்தூருக்குத்தான் போவும்."

அன்னைக்கு விளம்பரத்தை எடுத்து மாத்தி எழுதினேன். மறைக்கல, தலைப்புலயே போட்டேன். பேட்டரி நானே கட்டுனது, மேடு ஏறும், சந்தேகம் இருந்தா வந்து ஓட்டிப் பாருங்க. அத்தோட மெசேஜ் வரது நின்னே போச்சு. தெரிஞ்சவளுவ, "ஓவர் கெத்து காட்டாதட்டி"ன்னாளுவ. ஊருக்குப் பொட்டி கட்ட ஆரம்பிச்சுட்டேன். இலத்தூர் அத்தான், "எப்ப வந்து எடுத்துக்கிடட்டும்?"னு போன் போட்டே கேட்டுட்டான்.

அப்பதான் அந்த போன் வந்துது.

"சைக்கிளு விக்கதுன்னு போட்டிருந்திய?"

"ஆமா அண்ணாச்சி."

"மேடு ஏறுமா?"

எனக்கு உடனே அந்த ஆளைப் பிடிச்சுருச்சு. எத்தனை பேரு என்னென்னமோ கேட்டானுவ, மவுண்டன் சைக்கிள்கிட்ட கேக்க வேண்டிய கேள்விய எவனும் கேக்கல.

"ஏறும் அண்ணாச்சி."

"ஆளு கொஞ்சம் கனம்."

"அப்பவும் ஏறும். பேட்டரி கம்பெனி கிடையாது அண்ணாச்சி, நான் செஞ்சது. இப்பமே சொல்லிருதேன்."

போச்சுன்னு நினைச்சேன்.

"நான்னா யாரு?"

"இப்ப பேசிட்டு இருக்க பிள்ளைதான்."

"அப்படியா. சரி, தரகரைக் கூட்டிட்டு வாரேன்."

சைக்கிளுக்கு எதுக்கு தரகருன்னு எனக்குப் புரியல. ஐந்தருவி ரோடு ஏறுத இடத்துல இருக்க டீக்கடைக்கு வாங்கன்னேன். சமதரையில காட்டி மவுண்டன் சைக்கிளை விக்க நான் என்ன கேணையா?

சீசன் நேரம். வானம் மூடிக் கிடக்கு, சாரல் விழுந்துட்டே இருக்கு. ரோடு முழுக்க வேன், எண்ணெய் தேச்ச ஆளுவ, ரம்புட்டான் கூடை. நானும் அப்பாவும் டீக்கடைத் தகரத்துக்கு அடியில சைக்கிளை நிறுத்திட்டு நின்னோம். அப்பா ஸ்கூட்டர்ல வந்தாவ, நான் சைக்கிள்ல. ஒரு டிவிஎஸ்ல ரெண்டு பேரு வந்து எறங்குனாவ. ஓட்டிட்டு வந்தது வாங்க வந்த அண்ணாச்சி, வடகரைக்காரரு, தென்னந்தோப்பு விவசாயி. கனம்னு போன்ல சொன்னதுல பொய்யில்ல. பின்னாடி இருந்து எறங்குனவரு ஒல்லியா, தோள்ல துண்டு, வாயில வெத்தலை. அவருதான் தரகரு. மாட்டுத் தரகரு.

"இவரு இல்லாம நான் எதுவும் வாங்குதது இல்ல" அண்ணாச்சி சொன்னாவ. "மாடு, நெலம், பம்புசெட்டு, எம் மவளுக்கு மாப்பிள்ளை, எல்லாம் இவரு பாத்ததுதான்."

"மாப்பிள்ளையும் நல்லா பால் கறக்காரா?"ன்னு டீக்கடைக்காரர் உள்ள இருந்து கேட்டாரு. தரகர் சிரிக்கல. வேலையில இறங்கிட்டாரு.

சைக்கிளைச் சுத்திச் சுத்தி வந்தாரு. டயரை ரெண்டு விரலால அமுக்குனாரு. சீட்டுல தட்டுனாரு. குனிஞ்சு செயின் சக்கரத்துப் பல்லை ஒவ்வொண்ணா தடவிப் பாத்துட்டு, "பல்லு கொஞ்சம் தேஞ்சிருக்கு"ன்னாரு. பெறவு ஃப்ரேம்ல இருந்த ஒரு கீறல்ல கை வச்சு, "இது வலது பக்கம் இருக்கு பாத்தியளா. ஆகாது."

"அண்ணாச்சி, அது கீறல். மாட்டுச் சுழி இல்ல" நான் சொன்னேன்.

"ஆகாததுன்னா ஆகாததுதாம்மா. மாடுன்னா என்ன, சைக்கிள்னா என்ன." அப்பா பக்கம் திரும்பினாரு. "பேட்டரியும் வீட்டுல செஞ்சதுன்னு கேள்விப்பட்டேன். அப்ப பாதி விலைதான் சார்."

அப்பா டீயை ஒரு மடக்கு குடிச்சாவ. "வண்டி அவளது. அவகிட்ட பேசுங்க."

வடகரை அண்ணாச்சி இதையெல்லாம் காதுல வாங்கவே இல்ல. ஹேண்டில்பாரைப் பிடிச்சுட்டு மேட்டையே பாத்துட்டு நிக்காவ. எதுக்கு சைக்கிள் வேணும்னு கேட்டேன்.

"தோப்பு மலை அடிவாரத்துல கிடக்கு. ராத்திரி யானை வந்து குருத்தைப் பிடுங்கிருது. விடியமுன்ன போய்ப் பாக்கணும். டிவிஎஸ்ஸு சத்தம் கேட்டா அது நம்ம பக்கமா திரும்புது. நாம வந்ததும் தெரியப்படாது, போனதும் தெரியப்படாது."

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. லவ் பேர்ட்ஸுக்கு மாத்தக் கேட்டானுவளே இந்த வண்டிய, இதுக்குன்னு ஒரு வேலை மலை அடிவாரத்துல காத்துட்டு இருந்துருக்கு.

"ஓட்டிப் பாக்கட்டா?"

சீட்டை எறக்கிக் குடுத்தேன். கியரு, பிரேக்கு, மோட்டார் பட்டன் எல்லாம் சொல்லிக் குடுத்தேன். வேட்டிய முட்டிக்கு மேல தூக்கிச் செருகி, தோள் துண்டைத் தலையில கட்டி, செருப்பைக் கழட்டி டீக்கடை ஓரமா விட்டுட்டு, ஏறி உக்காந்தாவ. மிதிச்சாவ. மோட்டார் பிடிச்சுது. "எம்மா!"ன்னு ஒரு சத்தம். வேன்காரனுவ எல்லாம் வழி விட, வெள்ளை வேட்டி ஒண்ணு சத்தமில்லாம மேட்டுல ஏறி வளைவுல மறைஞ்சு போச்சு.

நாங்க நின்னோம். டீ குடிச்சோம். ஒரு பஜ்ஜி தின்னோம். இன்னொரு பஜ்ஜியும் தின்னோம். ஆளைக் காணோம்.

அப்பா மெதுவா கேட்டாவ, "ஏட்டி, ஆளு யாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"வடகரை."

"வடகரையில எங்கன?"

தரகருக்குக் கோவம் வந்துருச்சு. "சார், அவருக்கு எத்தனை மரம் தென்னை இருக்குன்னு தெரியுமா? சைக்கிளைத் தூக்கிட்டு ஓடுத ஆளா அவரு?"

"ஓட வேண்டாம்லா, அதுல மோட்டார் இருக்கு" டீக்கடைக்காரர் எடுத்துக் குடுத்தாரு. "போனா என்ன சார், செருப்பும் தரகரும் இங்கதான் இருக்கு. ரெண்டையும் வச்சுக்கோங்க."

எனக்குச் சிரிப்பு வரல. ஆளு தூக்கிட்டுப் போயிருவாருன்னு நான் நினைக்கல. பேட்டரி பாதி மேட்டுல நின்னுருச்சோ, இந்தக் கனத்துக்கு காவக்கார போர்டு கட் பண்ணிருச்சோ, எங்கயாச்சும் ஓரமா நின்னு தள்ளிட்டு வாராவளோ. தள்ளிட்டு வந்தா முடிஞ்சுது. கோழிதான்.

வந்தாவ. மேட்டுல இருந்து எறங்கி வந்தாவ, ஓட்டிட்டுத்தான். ஆனா தலையில இருந்து கால் வரைக்கும் சொட்டச் சொட்ட நனைஞ்சு, இடுப்புல துண்டு, வேட்டி ஹேண்டில்பார்ல காயுது.

"குளிச்சியளா?"ன்னேன்.

"ஐந்தருவி வரைக்கும் ஏறிட்டு குளிக்காம திரும்ப முடியுமாட்டி? தண்ணி என்னமா விழுது!" எறங்கி சைக்கிளைத் தட்டிக் குடுத்தாவ. "இதையும் குளிப்பாட்டிட்டேன்."

"எதை?"

"இதைத்தான். வரும்போது சேறு அடிச்சிருந்துது. அருவிக்குக் கீழ வாய்க்கால்ல தண்ணி ஓடுதுலா, அதுல எறக்கி நிறுத்தி, நல்லா தேச்சு ஊத்தி விட்டேன். மேலு கீழு எல்லாம்."

மாட்டுக்காரரு. புதுசா ஒண்ணு கைக்கு வந்தா முதல் வேலை தண்ணியில எறக்கித் தேச்சு விடுததுதான். எனக்குத் தலை சுத்திட்டு. சாரல்ல ஓட்டலாம், மழையில ஓட்டலாம். வாய்க்காலுக்குள்ள நிறுத்தி எருமை மாதிரி குளிப்பாட்டலாமான்னு எந்த புக்குலயும் போடல.

"அப்படியே நில்லுங்க. எதையும் தொடாதிய. பட்டனை அமுக்காதிய!"

"ஏன், இதுலதான எறங்கி வந்தேன்?"

"எறக்கத்துல மோட்டார் வேணாம் அண்ணாச்சி, தானா வரும்!"

தரகர் மூஞ்சியில ஒரு வெளிச்சம் வந்துது பாருங்க. "நான் அப்பமே சொன்னேன். வீட்டுல செஞ்சது. கால் விலை கூட தேறாது இனி."

டீக்கடைக்காரர்கிட்ட காஞ்ச துணி வாங்கினேன். பேட்டரியக் கழட்டினேன். கவுத்துப் பிடிச்சப்ப ஓரத்துல இருந்து தண்ணி வழிஞ்சுது. அது வெளிய தங்குன தண்ணியா, உள்ள இருந்து வருததா? துடைச்சேன். மறுபடி கவுத்தேன். சொட்டு நின்னுருச்சு. பிளக்கு முள்ளை ஒவ்வொண்ணா துடைச்சு, வாயால ஊதி, பெஞ்சுல துணி மேல வச்சு காய விட்டேன். அப்பா மட்டும் பக்கத்துல வந்து நின்னு, பழக்க தோசம், போன்ல டார்ச்சைப் போட்டுப் பிடிச்சாவ. அண்ணாச்சி ஈரத்தோட நடுங்கிட்டு நிக்காவ. "தெரியாம செஞ்சுட்டேன் தாயி. கெட்டுப் போயிருந்தாலும் நீ சொல்லுத விலைய நான் தந்துருதேன்"ன்னாவ.

அது எனக்கு இன்னும் சுருக்குன்னு குத்திச்சு. கெட்டுப் போனத பாவம் பாத்து வாங்கவா நான் மச்சுல உக்காந்து அத்தனை நாள் கண்ணைக் கெடுத்தேன்?

"கெட்டுப் போயிருந்தா ஒங்களுக்கு விக்கவே மாட்டேன்"ன்னேன்.

பேட்டரிய மாட்டினேன். சாவியத் திருப்பினேன். பட்டனை அமுக்கினேன்.

விளக்கு எரிஞ்சுது. சார்ஜ் பாதிக்கு மேல நிக்கு. அந்தக் கனத்தை ஐந்தருவி வரைக்கும் ஏத்திட்டு, வாய்க்கால்ல முங்கிக் குளிச்சுட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி என் பேட்டரி பச்சையா முழிக்கு.

நான் ஏறி உக்காந்து மேட்டுல ஒரு வட்டம் அடிச்சுட்டு வந்தேன். மோட்டார் சும்மா கிழிச்சிட்டு இழுக்கு. கண்ணுல சாரல் அடிச்சுது, சாரல்னே வச்சுக்கோங்க. திரும்பி வந்து தரகருக்கு முன்னால பிரேக் பிடிச்சேன்.

"பாதி விலைன்னியளே?"

தரகர் வெத்தலையத் துப்பிட்டு வந்தாரு. "சரி. விலை பேசுவோம்."

தோள்ல இருந்த துண்டை எடுத்து உதறி, வலது கை மேல போட்டுக்கிட்டு கையை நீட்டுனாரு. மாட்டுச் சந்தையில அப்படித்தான். விலைய வாயால சொல்ல மாட்டாவ. துண்டுக்குள்ள ஒருத்தர் விரலை ஒருத்தர் பிடிச்சுத்தான் பேரம். இந்த விரலுக்கு இவ்வளவு, அந்த விரலுக்கு அவ்வளவு. சுத்தி நிக்கவனுக்கு ஒண்ணும் தெரியாது.

நான் கையை நீட்டினேன். அவர் பொசுக்குன்னு பின்னால இழுத்துக்கிட்டாரு.

"வயசுப் பொண்ணு கைய நான் பிடிக்க முடியுமாம்மா? சாரை வரச் சொல்லு."

அப்பா, "வண்டி அவளது, விரலும் அவளது"ன்னு சொல்லிட்டு இன்னொரு டீ சொன்னாவ.

"வாயாலயே சொல்லுங்களேன் அண்ணாச்சி."

"சத்தமா சொன்னா பொருளுக்கு என்ன மரியாதை இருக்கு?"

நெசந்தான்னு எனக்கும் தோணுச்சு. என் சைக்கிளுக்கு நல்ல மாட்டுக்குக் குடுக்குத மரியாதைய ஒரு ஆளு குடுக்காரு. அத எதுக்கு நான் கெடுக்கணும்? என் போனை எடுத்தேன். கால்குலேட்டரைத் தொறந்து, என் விலையத் தட்டி, துண்டுக்கு அடியில தள்ளினேன்.

தரகர் ஒரு நிமிசம் முழிச்சாரு. பெறவு அவரும் துண்டுக்குள்ள தலையைச் சாய்ச்சு, ஒத்தை விரலால தட்டி, என் பக்கம் தள்ளுனாரு. குறைச்சிருந்தாரு. நான் மறுபடி தட்டினேன். சாமி சத்தியமா, சந்தை மாதிரியே இருந்துது. பேச்சு இல்ல, கண்ணு மட்டும்தான். அவர் புருவத்தைத் தூக்குவாரு, நான் உதட்டைப் பிதுக்குவேன்.

ஒண்ணே ஒண்ணுதான் நாங்க ரெண்டு பேரும் கவனிக்கல. வானம் இருட்டிக் கிடந்துது, வெளிச்சம் பத்தாதுன்னு போனை முழு பிரைட்டுல வச்சிருந்தேன். துண்டோ நைஞ்சு போன துண்டு. உள்ள தட்டுத நம்பர் எல்லாம் வெளிய பளிச்சுன்னு தெரியுது. டீக்கடைக்காரர், ரம்புட்டான் விக்க அம்மா, தலையில எண்ணெய் வழிய நின்ன ஒரு டூரிஸ்டு, எல்லாரும் கழுத்தை நீட்டி பாத்துட்டு நிக்காவ.

"பிள்ளை கொஞ்சம் எறங்கிட்டு" ரம்புட்டான் அம்மா சொன்னா.

"தரகரே, இன்னும் ஏறலாம் வே, மனசு வைங்க" டீக்கடைக்காரர்.

தரகர் துண்டைப் பாத்தாரு. பதறிப் போய் ரெண்டா மடிச்சு மூடுனாரு. அதுக்குள்ள வடகரை அண்ணாச்சி ஈரத்தோட குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சு, "போதும் வே, பிள்ளை கடைசியா போட்ட விலைக்கே முடிச்சிரும். குளிருது எனக்கு"ன்னுட்டாவ.

முடிஞ்சுது. எவ்வளவுன்னு இங்க எழுத மாட்டேன், துண்டுக்கு ஒரு மரியாதை உண்டுல்லா. புளியங்குடிக்காரரு பைக்குள்ள கை விட்டாரே, அதை விடக் கூட. தரகர் ரெண்டு பக்கமும் தரகு வாங்கிட்டு, என்னையப் பாத்து, "ஏம்மா, நீ படிச்ச படிப்புக்கு சந்தைக்கு வந்துரலாம்"ன்னாரு. இதுவரைக்கும் எனக்கு வந்த ஆஃபர்லயே இதுதான் டாப்.

அம்மா போன் அடிச்சா. அப்பா ஸ்பீக்கர்ல போட்டாவ.

"வித்துட்டா."

"எவ்வளவுக்கு?"

"அது துண்டுக்குள்ள. இலத்தூருக்கு நீயே சொல்லிரு." கட் பண்ணிட்டு, எங்கயோ பாத்துட்டு மீசையத் தடவுனாவ. பேங்க் வாசல்ல நிக்கும்போது வைக்குத அதே நெஞ்சு, இப்ப டீக்கடையில.

தரகர் டிவிஎஸ்ஸை எடுத்துட்டு அவர் பாட்டுக்குப் போயிட்டாரு. அண்ணாச்சி சைக்கிள்லயே வடகரைக்குப் போறேன்னுட்டாவ. சார்ஜ் போடுதது எப்படின்னு அவிய வீட்டுல ஒரு ஆளுக்காவது நேர்ல காட்டிக் குடுக்கணும், அதுல நான் ஸ்ட்ரிக்ட்டு. அதனால அப்பா ஸ்கூட்டர்ல பின்னாடியே போனோம். வழியெல்லாம், "கியரை மாத்துங்க அண்ணாச்சி!"ன்னு நான் கத்த, அவிய திரும்பிக் கூடப் பாக்கல. இலஞ்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வேன் முழுக்கக் கையக் காட்டிச்சு. பதிலுக்கு இவிய ஒரு கைய விட்டுட்டு ஆட்டுதாவ, எனக்குத்தான் உசுரு போய் உசுரு வருது.

வீட்டு முத்தத்துல அண்ணாச்சி சம்சாரம் நின்னாவ. ஈரத்துல நிக்க புருசனைப் பாத்தாவ, சைக்கிளைப் பாத்தாவ, என்னையப் பாத்தாவ.

"இதுதான் வித்த பிள்ளையா?"

"வித்த பிள்ளைதான். பேட்டரி செஞ்சதும் இவதான். வாய்க்கால்ல முக்கி எடுத்துட்டேன், ஒண்ணும் ஆவல."

அந்த அம்மா வேற ஒண்ணும் கேக்கல. சந்தேகப்படல, ஆச்சரியமும் படல. உள்ள போனாவ. போன வேகத்துல இடுப்புல ஒரு கனத்த டப்பாவைத் தூக்கி வச்சுக்கிட்டு வந்து என் காலுக்குப் பக்கத்துல இறக்குனாவ.

"யானைக்குப் போட்ட சோலார் வேலிக்குள்ள பேட்டரி. செத்துக் கிடக்கு. கடைக்காரன் தூரப் போடுங்கான். நீ பாத்துச் சொல்லு."

அப்பா மணியப் பாத்தாவ, என்னையப் பாத்தாவ, ஸ்கூட்டர் சாவியப் பைக்குள்ள போட்டுட்டு, குடுத்த கட்டஞ்சாயாவ வாங்கிட்டு உக்காந்துட்டாவ. நான் சம்மணம் போட்டு உக்காந்து டப்பாவத் திருப்பிப் பாத்தேன். முனையெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கு.

"அக்கா, வீட்டுல ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?"